அப்பா கூட்டிய கல்லறை

பத்து வயதில் நான் ஒரு சீனரைக் களவெடுத்து என் அப்பாவாக்கினேன். இதை இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற மாதம் பல்கலைக்கழகத்தில், ஒரு நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்த வகுப்பில், ஆய்வுக்கு எடுத்த தலைப்பையும் அதை ஏன் எடுத்தோம் என்பதையும் சொல்லச் சொன்னார்கள். கடல் கடந்து வாழும் சீனர்களின் நாவல்களில் வரும் தந்தையர் என்பது என் தலைப்பு. பக்கத்தில் இருந்த சீனப் பெண், உங்கள் ஆட்களுக்கு அப்பாமார் இல்லையா, எங்களுடையவர்களை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, புலம்பெயர்வு, பண்பாட்டு அடையாளம், தந்தையின் மௌனம் என்று பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். பேராசிரியர் தலையாட்டினார். ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் தந்திருந்தார்கள். உண்மையான காரணத்துக்கு அது போதாது.

எனக்குப் பத்து வயதானபோது நாங்கள் கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாம் தட்டில் இருந்தோம். அப்பா ஒரு சீன உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, ஒன்பதாவது வருடத்தில் பெரிய தாச்சிக்கு முன்னால் நின்று சமைக்கும் இடத்துக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை மட்டும் லீவு. கிளிநொச்சிப் பக்கம் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்குள் இறங்கியவர். அம்மா அவரைவிட இரண்டு வகுப்புக் கூட. ஆகவே வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது எட்டு வயதிலிருந்தே என் உத்தியோகம். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், ஹெல்த் கார்ட் எல்லாம் என் கையால்தான் போகும். அம்மாவின் வயிற்றுவலியை டொக்டருக்கு நான்தான் விளங்கப்படுத்தினேன், அதில் பாதி எனக்கே விளங்காமல். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை முன்னால் தள்ளிவிடுவார். "மை சன் ரோக்" என்பார், என் மகன் பேசுவான் என்று. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அதில் எனக்குப் பெருமை இருந்தது. வெட்கமும் இருந்தது. கந்தோர்ப் பெண்கள் என்னைப் பார்த்து, கெட்டிக்காரன் என்று சிரித்துவிட்டு, அதே முகத்தோடு அப்பாவைப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று குறைந்துபோவதை நான் கவனித்திருந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு வந்த ரீச்சர் மலேசியாவில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்த சீனப் பெண். மெலிந்தவர், சத்தம் போடாமலே வகுப்பை அடக்கத் தெரிந்தவர். மார்ச் மாதம் அவர் ஒரு கட்டுரை தந்தார். உங்கள் அப்பாவோ அம்மாவோ இந்த நகரத்துக்கு எப்படி வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், இரண்டு பக்கம். வீட்டில் கேட்டு எழுதவேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா சோபாவில் கால் நீட்டியிருந்த நேரம் கொப்பியும் பென்சிலுமாய்ப் போய் முன்னால் இருந்தேன்.

"அப்பா, நீங்கள் எப்பிடிக் கனடாவுக்கு வந்தனீங்கள்?"

"பிளேனிலை."

"அதுக்கு முன்னம்?"

"வான் ஒண்டிலை."

"எந்த வானிலை?"

"வெள்ளை வானிலை. டேய், உதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எழுதுற கதையே? கணக்கு ஒண்டும் தரேல்லையோ அவ?"

அம்மா குசினிக்குள்ளிருந்து சிரித்தார். கொப்பியில் நான் எழுதியிருந்தது இரண்டு சொல். இரண்டு பக்கத்துக்கு அது காணாது. காணாததைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா எதியோப்பியாவில் இஞ்சினியர். இன்னொருவனுடையவர் ஆப்கானிஸ்தானில் வைத்தியர். இங்கே டாக்சி ஓட்டுகிறார். டாக்சிதான் என்றாலும் அவன் அதை வைத்தியரின் டாக்சி மாதிரித்தான் சொல்வான். என் அப்பா இங்கேயும் சமையல்காரர், அங்கேயும் ஐந்தாம் வகுப்பு. அவர் விட்டுவிட்டு வந்ததாக எழுத எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நூலகத்தில்தான் அந்தப் புத்தகம் கிடைத்தது. மெல்லியது. சீனாவிலிருந்து இங்கே வந்த ஒருவர் தன் ஆட்களைப் பற்றி எழுதிய கதைகள். மூன்றாவது கதையில் ஓர் அப்பா வந்தார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். தூரிகையால் கவிதை எழுதுகிறவர். இங்கே வந்து ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். வீட்டில் பேசமாட்டார். தன் தகப்பனின் கல்லறை ஊரில் புல் மண்டிக் கிடக்கிறதே என்ற கவலை அவருக்கு. அவர்களுடைய வழக்கத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் பிள்ளைகள் போய்க் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்து, பழமும் தேநீரும் வைத்து வரவேண்டும். அவரால் போகமுடியாது. ஆகவே அவர் இங்கேயுள்ள மயானத்துக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போய், முன்பொரு காலத்தில் செத்துப்போன யாரோ ஓர் அநாதைச் சீனக் கூலியின் கல்லறையைத் தேடிக் கூட்டுகிறார். ஏன் என்று மகன் கேட்கிறான். இங்கே நான் ஒருவருடையதைக் கூட்டினால், அங்கே யாராவது என் அப்பாவுடையதைக் கூட்டுவார்கள் என்கிறார்.

நூலகத்தின் கதிரையிலேயே இருந்து அதை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது கையில் பென்சில் இருந்தது.

திருடுவதும் சுலபமான வேலையில்லை. ஒவ்வொன்றாகத் தமிழாக்கவேண்டியிருந்தது. ஆற்றைக் குளமாக்கினேன். தூரிகையை ஊற்றுப் பேனை ஆக்கினேன். நூடில்ஸ் இடியப்பம் ஆனது. தோடம்பழம் வாழைப்பழம் ஆனது. ஊதுபத்தியை மாற்றத் தேவையிருக்கவில்லை. தேநீரும் எங்களிடம் இருந்தது. கல்லறையில்தான் வந்து முட்டினேன். எங்கள் ஆட்கள் எரிக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் அப்பப்பா, அப்பாவின் தகப்பன், செத்தபோது வீட்டில் படத்துக்கு மாலை போட்டு, ஐயர் வந்து மந்திரம் சொல்லி, பிக்கரிங் பக்கம் வாவிக்கரையில் பூவும் எள்ளும் விட்டோம். கல்லறை என்று ஒரு சொல் எங்கும் வரவில்லை. ஆனால் கல்லறையை எடுத்துவிட்டால் கதையில் கூட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தேன். கடைசியில் ரீச்சருக்கு எங்கள் வழக்கம் தெரியவா போகிறது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

சீனரை இந்துவாக்கிய அந்தக் கதையை ஒரு சீனப் பெண் வாசிக்கப் போகிறார் என்பது மட்டும் எப்படியோ என் மூளையில் ஏறவில்லை.

இரண்டு நாளில் கட்டுரை பள்ளிக்கூட நடைபாதைச் சுவரில் ஏறியது. நான் கீறிய படமும் கூட: ஒரு கல், அதற்கு முன்னால் கையில் தடியோடு ஒருவர். ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவருடைய கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாயிருந்தது. பிறகு, வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முழுவதும் மண்டபத்தில் கூடும்போது நான் அதை வாசிக்கவேண்டும் என்றார். அப்பா பக்கத்தில் நிற்கவேண்டும். அதற்கு முன்னால், வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு அப்பாவே வரவேண்டும். ஒரு துண்டில் அதை எழுதி, நாலாக மடித்துத் தந்தார்.

அந்தத் துண்டை மூன்று நாள் புத்தகப் பையில் வைத்திருந்தேன். நான்காம் நாள் ரீச்சர் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார். அம்மாவுக்கு விளங்கிய ஆங்கிலம் 'ஃபாதர்', 'தேர்ஸ்டே' இரண்டும்தான். அது போதுமாயிருந்தது.

"அம்மா வந்தால் காணும்," என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாற்றை வீட்டிலையும் அம்மாமார்தான் வாறவை. உங்களுக்கு வேலையெல்லே."

"ரீச்சர் என்னைத்தானே கேட்டவ. முதலாளியிட்டைச் சொல்லியிட்டன். வேலைக்கு ஆறரைக்குப் போனால் காணும்."

"சும்மா என்ரை மார்க்ஸைத்தான் சொல்லுவா."

"சொல்லட்டன். நான் கேக்கக்கூடாதோ?"

ஒன்பது வருடத்தில் அப்பா லீவு கேட்டது அதுதான் முதல் தடவை என்று அம்மா சொன்னார். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரீச்சரிடம் பிடிபடுவதை என்னால் நினைத்துப்பார்க்க முடிந்தது: திட்டு, பூச்சியம், அதிபரின் அறை. அதைத் தாங்கலாம். தாங்கமுடியாதது மற்றது. அந்தக் கட்டுரையை யாராவது அப்பாவுக்கு முழுதாகச் சொல்லிவிட்டால், அவர் மகன் அவருக்குப் பதிலாக வேறோர் அப்பாவைத் தேடி நூலகத்துக்குப் போனது அவருக்குத் தெரிந்துவிடும். அதைத் தடுக்க என்னிடம் ஒரேயொரு வழிதான் இருந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கப்போவது நான்தானே.

வியாழக்கிழமை அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் நீலச் சேர்ட்டைப் போட்டு, தலையை ஈரமாய் வாரியிருந்தார். அதற்குள்ளாலும் உள்ளியும் எண்ணெயும் மணத்தது. ஏப்ரல் தொடக்கம். பனி கரைந்து தெருவோரமெல்லாம் கறுப்புத் தண்ணீர். அவர் தன் நல்ல சப்பாத்தைப் பாதுகாத்து, குட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். நான் பின்னால் மெதுவாக நடந்தேன். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பள்ளிக்கூடம் வந்துகொண்டேயிருந்தது.

பள்ளிக்கூட நடைபாதையில் அவரைச் சுவரைப் பார்க்கவிடாமல் மற்றப் பக்கமாய்க் கூட்டிப்போக நினைத்தேன். என் பெயர் எழுதியிருந்த இடத்தில் அவர் சரியாக நின்றுவிட்டார். என் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினாலும் அவருக்கு வாசிக்கத் தெரியும்.

"ஆர் உது?"

"நீங்கள்."

"கையிலை என்ன?"

"தும்புத்தடி."

அப்பா படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "குசினி கூட்டுறதைக் கீறியிருக்கிறாய் என்ன. உந்தப் பெரிய பெட்டி என்ன, பிரிஜ்ஜோ?"

"ஓம்," என்றேன். அவர் சந்தோசமாகச் சிரித்தார்.

வகுப்பறையில் ரீச்சர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்தார். ஓர் ஆசிரியரைச் சந்திப்பது தனக்குப் பெருமை என்றார்.

"உங்களைக் கண்டது சந்தோசமாம்," என்றேன்.

நாங்கள் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் இருந்தோம். அப்பாவின் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. தொப்பி மடியில் இருந்தது. ரீச்சர் சுவரில் இருந்ததன் பிரதியொன்றை எடுத்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். குளக்கரைப் பள்ளிக்கூடம், மரத்தடியில் பிள்ளைகள், ஊற்றுப் பேனையால் கவிதை எழுதும் வாத்தியார். என் எழுத்து இன்னொருவர் வாயில் இவ்வளவு அழகாயிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"கணக்கிலை நல்லாச் செய்யிறனாம்."

ரீச்சர் அடுத்த பந்திக்குப் போனார். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள், அந்த விரல்கள் மறக்காத எழுத்துகள். நீளமான பந்தி.

"இப்ப?"

"எழுத்து வடிவாம்."

"இவ்வளவு நேரமா வாசிச்சது எழுத்து வடிவு எண்டோ?"

"இங்கிலிஸிலை நீட்டித்தான் அப்பா சொல்லுவினம்."

ரீச்சர் கல்லறைக்கு வந்தார். அங்கே அவருடைய குரல் இறங்கியது. ஒரு வரியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு அந்தக் கடைசி வசனத்தை, இங்கே நான் ஒருவருடையதைக் கூட்டினால் என்று தொடங்குவதை, வாசித்து முடித்தார். நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் தயார் பண்ணியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தொப்பியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஊரில் எந்த வகுப்புக்குப் படிப்பித்தார் என்று அப்பாவிடம் கேள் என்றார் ரீச்சர்.

"வேலை எத்தினை மணிக்கு முடியுமாம்?"

அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். "ஒன்பதரைக்கு எண்டு சொல்லு."

"ஐந்தாம் வகுப்புக்கு," என்று ரீச்சரிடம் சொன்னேன். ரீச்சர் மகிழ்ச்சியோடு அதைக் குறித்துக்கொண்டார். நாங்களும் ஐந்தாம் வகுப்பு, என்ன பொருத்தம் என்றார். நாளைக்கு மகனுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வாரா என்று கேட்டார். தமிழில் சொன்னால் போதும், மகன் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

"நாளைக்கும் வேலையோவாம்?" என்றேன்.

அப்பா மடியிலிருந்த தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி," என்றார். "இப்ப ரீச்சருக்குச் சொல்லு. அப்பா வாத்தியார் இல்லை, சமையல்காரன். அஞ்சாம் வகுப்போடை நிண்டவர். அதை அப்பிடியே சொல்லு."

என் காது இரண்டும் சுட்டது. வாத்தியார் என்ற சொல்லை அந்த அறைக்குள் நான் தமிழில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒன்பது வருடம் அந்தக் குசினியில் சீனரும் தமிழரும் ஒருவரோடொருவர் என்ன மொழியில் பேசியிருப்பார்கள் என்று நான் யோசித்ததேயில்லை. கந்தோர்களில் எல்லாம் அவர் பேசாமல்தான் நின்றார், கேட்காமல் நிற்கவில்லை. என் கணக்கையும், என் வடிவான எழுத்தையும், ஒன்பதரை மணியையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அப்பா..."

"சொல்லு. நீதானே கதைக்கிறனீ."

சொன்னேன். என் அப்பா ஆசிரியர் இல்லை. அவர் சமையல்காரர். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தார். பாடசாலையில் வாசிப்புப் போட்டியில் முதலாவதாக வந்த என் ஆங்கிலம் அந்த மூன்று வசனத்தையும் சொல்லி முடிக்க எவ்வளவோ நேரம் எடுத்தது. மூன்றாவதைச் சொல்லும்போது மூக்கு ஒழுகியது. ரீச்சர் பேனையை மூடினார். கோபம் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, அது இன்னும் மோசமாயிருந்தது. ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறவரைப்போல இருந்தார்.

அப்படியென்றால் கல்லறை, என்று மெதுவாகக் கேட்டார். ஊரில் தகப்பனின் கல்லறை, கூட்ட ஆளில்லாமல் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாயே. அதுவுமா?

இனி ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதுவும் பொய்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ரீச்சரைப் பார்த்தார்.

"கிரேவ், யெஸ்," என்றார்.

அப்பா ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"மை ஃபாதர். கிரேவ், யெஸ். கிளீன்... நோபடி."

நடைபாதையில் யாரோ ஒரு பிள்ளை ஓடிப்போகும் சத்தம் கேட்டது. ரீச்சர், என்னிடம் இல்லாமல் நேரே அப்பாவிடம், தன் தாத்தாவும் மலேசியாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் குன்றில் கிடக்கிறார், போக ஆளில்லை, புல் இடுப்பளவு நிற்கும் என்றார். மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களாய்ச் சொன்னார். அப்பா கேட்டுத் தலையாட்டினார்.

"சேம்," என்றார்.

அவர்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த நான் நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

அப்பா எனக்காகப் பொய் சொன்னார் என்றுதான் அன்று நம்பினேன். முதல் பொய்யை உடைத்து மகனுக்குப் பாடம் படிப்பித்துவிட்டு, இரண்டாவதைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார் என்று. எவ்வளவு நன்றாக நடித்தார் என்றும் வியந்தேன். பொய்க்கு அகப்பைக்காம்பால் அடிக்கிற மனிதர்!

கட்டுரை மண்டபத்தில் வாசிக்கப்படவில்லை. சுவரிலிருந்து கழற்றி என்னிடம் தந்து, பிழையான இடங்களைத் திருத்தி எழுதிவரச் சொன்னார் ரீச்சர். வாத்தியாரை எடுத்துவிட்டுச் சமையல்காரரைப் போட்டேன், கல்லறையைத் தொடவில்லை. ஜூன் கடைசியில் வகுப்பு முடியும்போது அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் தந்தார். எனக்குக் கிடைத்தது அந்த மெல்லிய புத்தகம்தான். முன்பின் கண்டிராதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்கினேன். அவரும் முன்பின் கண்டிராத ஒன்றைத் தருகிறவர்போலத்தான் தந்தார்.

அப்படித்தான் அந்த நாவல்களுக்குள் போனேன். அவற்றில் வரும் அப்பாமார் பேசமாட்டார்கள். சமைப்பார்கள், துணி தேய்ப்பார்கள், மகன்மாருக்குப் பழம் வெட்டி வைப்பார்கள். அந்த மௌனம் அவர்களுடைய பண்பாடு என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். என் ஆய்வின் முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

போன வாரம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பொழுதுபோக்காக இந்தக் கல்லறைக் கதையை அவருக்குச் சொன்னேன். அப்பா ரீச்சருக்கு முன்னால் போட்ட நடிப்பைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அப்பப்பாவை எரிக்கேல்லையடா," என்றார்.

யுத்தத்தின் கடைசி மாதங்கள். ஒரு காலை அப்பப்பா செல் விழுந்து போனார். கூட ஓடிக்கொண்டிருந்தவர் சித்தப்பாதான். "புகை கிளம்பினால் அந்த இடத்துக்குத் திருப்பியும் அடிப்பாங்கள் எண்டு, கையாலை மணலைக் கிண்டி வைச்சிட்டு ஓடினவை. எந்த இடம் எண்டு அவருக்கே இப்ப காட்டத் தெரியாது." சித்தப்பா அதை ரெலிபோனில் சொன்னபோது அப்பா உணவகத்தின் பின்கதவுக்கு வெளியே நின்று கேட்டாராம். கேட்டுவிட்டு உள்ளே போய் மிச்ச வேலையைச் செய்து முடித்தாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒருதரம் சொன்னார். பொடியனுக்குச் சொல்லாதை என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சு இல்லை. என் வரைவில் அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுதவேண்டிய வேறு வரி இன்னும் வரவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை எனக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அடி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு அரை அடி பின்னால் நடந்தேன். அடி விழவில்லை. பெருந்தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அப்பா எதிர்ப்பக்கக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கதையிலை கூட்டுற ஆள். ஆரின்ரை சமாதி எண்டு தெரியாமலே கூட்டுறாரோ?"

"ஓம்."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல மனுசன். ஆர் எழுதினது?"

"ஒரு சைனீஸ் ஆள். புத்தகத்திலை இருந்தது." இனி மறைக்க என்ன இருக்கிறது.

"அவைக்கும் உப்பிடி நடந்ததோ?"

எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்காத கேள்விக்கும் பதில் சொல்லிப் பழகியவன் நான். வீட்டில் எல்லாம் தெரிந்தவன் நான்தானே. ஒரு தவறைத் திருத்திக்கொடுக்கும் சந்தர்ப்பமும் கிடைத்திருந்தது.

"அது அவையின்ரை வழக்கம் அப்பா," என்றேன். "அவை புதைக்கிறவை. நாங்கள் எரிக்கிறனாங்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னாலிருந்தவர்கள் எங்களை விலத்திக்கொண்டு கடக்கத் தொடங்கினார்கள்.

"ஓம்," என்றார். "நாங்கள் எரிக்கிறனாங்கள்."

என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்ட ஆறுதலில், ரீச்சரின் ரெலிபோனுக்குப் பிறகு முதன்முறையாக எனக்குப் பசித்தது.